கிராம ஆட்சியின் ஆண்டுக் கணக்கு

(பிரதேச சபை ஆண்டு மீளாய்வுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விதைத்தது எவ்வளவு, விளைந்தது எவ்வளவு, கடனுக்குப் போனது எவ்வளவு என்று கமக்காரன் களத்திலேயே கணக்குப் பார்க்கின்றான். ஊராட்சியின் கணக்கும் அவ்வாறே ஊரார் முன்னிலையில் எண்ணப்படல் வேண்டும். அதற்காகவே நாம் கூடியுள்ளோம்.

இவ்வுரிமை எளிதில் நிலைத்ததன்று. கிராமச் சங்கங்கள் 1981இல் மறைந்தன. மாவட்ட அபிவிருத்திச் சபைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆட்சி ஊரைவிட்டுத் தூரப் போயிற்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் அதனை ஓரளவு அருகே கொணர்ந்தது. எனினும், 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்த பின், 2025 மே 6ஆந் தேதித் தேர்தல் வரை ஈராண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளே நிருவாகம் நடத்தினர். அதிகாரியிடம் நாம் விண்ணப்பிக்கலாம். பிரதிநிதியிடமே கணக்குக் கேட்கலாம்.

எதனைக் கேட்பது? பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவை, பொதுப் பாதை ஆகிய மூன்றையும் சட்டம் சபையிடம் ஒப்படைத்துள்ளது. ஆனால் பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, அடுத்த தர வீதி மாகாணத்துக்குரியது, ஒழுங்கையே சபைக்குரியது. சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. தெருவோர வாய்க்கால் சபையின் பொறுப்பு. மழைநீரோ இப்பிரிவினைகளை அறியாது. வாய்க்கால் தூர்ந்தால் வெள்ளம் தோட்டத்துள் புகும். குளம் வறண்டே கிடக்கும்.

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கற் பாறையினூடே இறங்கும் மழைநீரே நமது கிணறுகளுக்கு உயிர். அக்கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளதென ஆய்வாளர் பலமுறை எச்சரித்துள்ளனர். மிகையாக இட்ட உரமும் மலக்குழிக் கசிவும் அதன் காரணங்கள். ஆகவே வாய்க்காலும் கழிவகற்றலும் கமக்காரனுக்கும் வைத்தியனுக்கும் பொதுவான பிரச்சினைகளாம்.

ஆதலின் நாம் கோருவன நான்கு. ஒன்று, வட்டாரந்தோறும் ஒதுக்கிய பணமும் செலவும் மீதியும் சனசமூக நிலையங்களிலே தமிழில் ஒட்டப்படல் வேண்டும். இரண்டு, முடியாத வேலைகள் காரணத்தோடு வாசிக்கப்படல் வேண்டும். மூன்று, பிற திணைக்களங்களுக்குச் சபை எழுதிய கடிதங்களும் பெற்ற மறுமொழிகளும் வெளியிடப்படல் வேண்டும். நான்கு, அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன் ஊராரின் கருத்துக் கேட்கப்படல் வேண்டும்.

இதிற் கற்றோர்க்கும் கடமையுண்டு. பொறியியலாளர் மதிப்பீட்டைச் சரிபார்க்கட்டும். கணக்காளர் வரவு செலவை விளக்கட்டும். நீர் ஓடும் வழியைக் கமக்காரர் காட்டட்டும். கேள்வி கேட்பது பகைமையன்று. வரி செலுத்துவோன் ஆற்றும் பணியாகும்.

மேலும் அதிகாரம் வேண்டும் என்று கேட்கும் மக்கள் நாம். கையிலுள்ள சிறு அதிகாரத்தைச் செவ்வையாக ஆண்டு காட்டுவோமாயின், நமது குரலுக்கு வலுக் கூடும். அப்பணி இன்றைய கணக்கிலிருந்தே தொடங்கட்டும்.