மருந்து கொடுக்காத டாக்டர்

(பெற்றோர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் ஓர் ஐயா என் அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறிய பிறகு பட்டணத்துக்கு வந்து லாரி ஓட்டுகிறார். வழக்கு ஏதும் இல்லை. மகளைப் பற்றிப் பேச வந்திருந்தார்.

"லாயர் சார், என் மக டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு சொன்னா. சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்புறம் கேட்டா, மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லையாம். வேலை செய்யிறவங்க மனசைப் பத்தின படிப்பாம். டிகிரி முடிச்சிட்டா, மாஸ்டரும் முடிச்சிட்டா. இன்னும் மூணு நாலு வருசம் படிச்சு யாருக்கு என்ன லாபம் சார்?"

இந்தக் கேள்வியைக் குறை சொல்ல முடியாது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் வீட்டில் இப்படிக் கேட்கத்தான் வேண்டும். அன்று அவருக்கு நான் கொடுத்த பதிலை இன்று உங்கள் முன்னும் வைக்கிறேன்.

அது என்ன படிப்பு?

நம் பல்கலைக்கழகங்களில் இதற்கு சைக்கோலோகி இண்டஸ்ட்ரி டான் ஆர்கனிசாசி என்று பெயர். தமிழில் தொழில், நிறுவன உளவியல் எனலாம். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் சபா பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை உண்டு.

யாரை வேலைக்கு எடுப்பது, எப்படிச் சோதிப்பது, யாருக்குப் பதவி உயர்வு, எத்தனை மணி நேர வேலைக்குப் பிறகு மனிதன் களைத்துத் தவறு செய்கிறான், விபத்து ஏன் நடக்கிறது, மேற்பார்வையாளர் எப்படி நடந்துகொண்டால் வேலை நடக்கும், எப்படி நடந்துகொண்டால் ஆட்கள் ஓடிப்போவார்கள் என்பதையெல்லாம் கணக்கெடுத்து ஆராய்வதுதான் இந்தப் படிப்பு.

இந்தத் துறை தொழிலாளிக்காகப் பிறந்தது அல்ல, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1913-ல் ஹியூகோ முன்ஸ்டர்பெர்க் என்ற பேராசிரியர் இத்துறையின் முதல் நூல்களில் ஒன்றை அமெரிக்காவில் வெளியிட்டார். விபத்து செய்யாத டிராம் ஓட்டுநரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அவர் செய்த சோதனைகளில் ஒன்று. அதாவது, முதலாளிக்கு நல்ல ஆளைப் பொறுக்கிக் கொடுக்கும் வேலை. அன்று முதல் இன்று வரை இத்துறைக்கு அதிகப் பணம் கொடுத்தது முதலாளி தரப்புதான்.

அப்படியிருக்க நம் பிள்ளைகள் ஏன் அதைப் படிக்க வேண்டும்? அந்தச் சோதனைத் தாளுக்கு முன்னால் வந்து உட்காருவது நம் பிள்ளைகள்தான்! கேள்வியை எழுதுபவர்கள் மத்தியில் நம்மவர்கள் எத்தனை பேர்?

ஒரு வழக்கின் கதை

நான் வழக்கறிஞர், அதனால் ஒரு வழக்கின் வழியாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்ற மின்சார நிறுவனம். அங்கே கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலிப் பிரிவில் மட்டுமே இடம். அந்தப் பிரிவில் ஆக அதிகச் சம்பளம் வாங்குபவர், மற்ற பிரிவுகளில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குபவரைவிடக் குறைவாகவே வாங்கினார். தோட்டத்தில் கங்காணிக்கும் கிராணிக்கும் கீழே காலம் முழுதும் நின்ற நம் பாட்டன்மாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1965-ல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? "கறுப்பர் வரக்கூடாது" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, "உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், இரண்டு திறன் சோதனைகளில் தேற வேண்டும்" என்று எழுதி வைத்தது. எல்லாருக்கும் ஒரே விதி, பார்க்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் பல தலைமுறையாக நல்ல பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவர்கள் யார்?

வில்லி கிரிக்ஸ் என்ற தொழிலாளியும் அவருடைய சகாக்களும் வழக்குப் போட்டார்கள். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரு சோதனை ஓர் இனத்தை வெளியே தள்ளுமானால், அது அந்த வேலைக்கு உண்மையில் தேவையான சோதனைதான் என்று நிறுவனம் காட்ட வேண்டும். கெட்ட எண்ணம் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, ஒரு சோதனை வேலைக்குத் தேவையா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சாட்சி சொல்லும் ஆட்கள் நீதிமன்றங்களுக்குத் தேவைப்பட்டார்கள். சட்டம் படித்தவனால் அந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்த மருந்து கொடுக்காத டாக்டர்கள் வந்தார்கள்.

நம் நாட்டில் என்ன நிலை?

வேலை விளம்பரங்களைப் பாருங்கள். "மெண்டரின் பேசத் தெரிந்தவர் மட்டும்." சீனாவிலிருந்து வரும் வாடிக்கையாளரோடு தினமும் பேச வேண்டிய வேலை என்றால் அது நியாயமான தேவை. கிடங்கில் பெட்டி எண்ணும் வேலைக்கு எதற்கு மெண்டரின்? எது உண்மையான தேவை, எது ஆளை வடிகட்டும் சாக்கு என்பதை அந்த வேலையைப் படிப்படியாகப் பிரித்து ஆராய்ந்துதான் சொல்ல முடியும். இத்துறையில் மாணவர் கற்கும் அடிப்படைப் பாடங்களில் அதுவும் ஒன்று.

சட்டம் கைகொடுக்குமா என்று கேட்பீர்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சமத்துவத்தைச் சொல்கிறது. ஆனால் 2005-ல் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அந்தப் பாதுகாப்பு அரசாங்கத்துக்கு எதிரானது, தனியார் முதலாளிக்கு எதிராகப் பயன்படாது என்ற நிலையை எடுத்தது. 2023 ஜனவரி 1 முதல் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற புதிய பிரிவு வந்திருக்கிறது. வேலையிடப் பாகுபாடு பற்றிய சச்சரவைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். நல்ல தொடக்கம்தான். ஆனால் அது வேலையில் இருப்பவருக்கும் முதலாளிக்கும் இடையிலான சச்சரவுக்கு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அது எட்டவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று நாம் கேட்டால் அதிகாரிகள் முதலில் கேட்பது "ஆதாரம் எங்கே?" என்றுதான். லீ ஹுவோக் ஆன், முகமது அப்துல் காலிட் என்ற இரு ஆய்வாளர்கள் கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. சீனப் பெயரைவிட மலாய்ப் பெயருக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு மிகக் குறைவு என்று காட்டியது. அருமையான ஆய்வு. ஆனால் அந்த விண்ணப்பக் கட்டில் இருந்தவை மலாய், சீனப் பெயர்கள் மட்டுமே. 2019-ல் சென்ட்-ஜிபிஎஸ் என்ற ஆய்வு மையம் இந்தியப் பெயர்களையும் சேர்த்துச் சோதித்தது. மலாய்ப் பெயர்களைப் போலவே இந்தியப் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது.

நம்மைப் பற்றிய கேள்வியை நாமே எடுத்து ஆராயாவிட்டால் மற்றவர் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த லாரி ஓட்டுநரின் மகள் எழுத நினைக்கும் ஆய்வேடு இப்படிப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

ஆலை மூடிய ஊர்

இன்னொரு பெண்ணைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். பெயர் மரி யஹோடா, ஆஸ்திரியா நாட்டவர். 1930 வாக்கில் மரியென்தால் என்ற கிராமத்தில் இருந்த நூல் ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்கள் வாழ்ந்த ஊர், ஏறக்குறைய ஊர் முழுவதற்கும் வேலை போயிற்று. அப்போது இருபதுகளில் இருந்த யஹோடா, தன் சகாக்களோடு அங்கே சென்று ஆராய்ந்து 1933-ல் நூலாக வெளியிட்டார்.

வேலை இல்லாதவனுக்கு நேரம் நிறைய, அதனால் நிறையப் படிப்பான், சங்கத்தில் சேருவான் என்று பலர் நினைத்திருந்தார்கள். நடந்தது நேர்மாறு. நூலகக் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்துவிட்டது! பெண்களுக்கு வீட்டு வேலை தீரவில்லை, அவர்கள் விரைவாகவே நடந்தார்கள்.

வேலை கூலியை மட்டும் தருவதில்லை என்று யஹோடா பிற்காலத்தில் விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், பலர் கூடிச் செய்யும் நோக்கம், ஊரில் ஓர் இடம், கைக்கு வேலை என்று ஐந்தையும் சேர்த்தே அது தருகிறது. வேலை போனால் ஐந்தும் போகும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் அப்பாமார்கள் எப்படி நடந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். லயத்தை விட்டு வெளியேறிய பிறகு அவர்கள் குடித்ததையும் பிள்ளைகள் கும்பலில் சேர்ந்ததையும் "இந்த இனமே இப்படித்தான்" என்று பேசினார்கள். நம்மவர்களே பேசினார்கள்! மரியென்தால் பாடத்தைப் படித்த ஒருவர் நம் மத்தியில் இருந்திருந்தால் அந்தப் பழிக்குப் பதில் சொல்லியிருப்பார்.

வழியும் செலவும்

இனி காசு விஷயம்.

முதலில் உளவியலிலோ அதை ஒட்டிய துறையிலோ இளங்கலைப் பட்டம். அடுத்து முதுகலை. அதன் பிறகே முனைவர் பட்டம். நம் நாட்டில் முனைவர் படிப்பு பெரும்பாலும் ஆய்வு வழி. ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் திட்டம் எழுதி, அதை ஒரு குழுவின் முன் நியாயப்படுத்தி, தகவல் சேகரித்து, ஆய்வேடு எழுதி, இறுதியில் வாய்மொழித் தேர்வு. முழுநேரம் படித்தால் குறைந்தது மூன்று ஆண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள், பலருக்கு அதற்கு மேலும் ஆகும். வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகவும் படிக்கலாம்.

பணத்துக்கு, பேராசிரியரின் ஆய்வு மானியத்தில் ஆய்வு உதவியாளர் வேலை உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். அரசாங்கத்தின் மைபிரேன் உதவித் திட்டத்தில் இந்தத் துறைக்கு இடம் உண்டா என்று உயர்கல்வி அமைச்சிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்கலாம், பெற்றோரும் பிள்ளைக்காக எடுக்கலாம். ஆனால் அது உங்கள் வயதான காலத்துச் சோறு. அதைக் கடைசி வழியாக வையுங்கள். வட்டிக்காரனிடம் மட்டும் போகாதீர்கள்.

வேலை? விரிவுரையாளர், ஆய்வாளர், பெரிய நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு, ஆலோசகர். உத்தரவாதம் இல்லை. நிறுவனத்தில் வேலை மட்டுமே நோக்கம் என்றால் முதுகலையே போதும். முனைவர் பட்டம், ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருப்பவருக்கு.

இன்னொரு எச்சரிக்கை. நம் சமுதாயத்தில் பணம் கட்டி "டாக்டர்" ஆனவர்கள் இருக்கிறார்கள். மாலை போட்டுக்கொண்டு மேடையிலும் அமர்கிறார்கள். அந்தப் பட்டத்தை வைத்து நீதிமன்றத்தில் ஒரு சாட்சி சொல்ல முடியாது. எந்தப் படிப்பில் சேருமுன்பும் அது மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

மகன் இன்னும் படிக்கிறான் என்றால் பெருமைப்படுகிறோம். மகள் படிக்கிறாள் என்றால் "கல்யாணம் எப்போது?" என்கிறோம். மூன்றாம் ஆண்டில், ஆய்வேடு பாதியில் நிற்கும்போது, அந்தக் கேள்வி ஒரு பெண்ணைப் படிப்பை விட்டே ஓட வைத்துவிடும். உங்களால் ஆய்வேட்டைப் படிக்க முடியாமல் போகலாம். உறவினர் கேட்கும்போது "என் பிள்ளை படிக்கிறா, முடிப்பா" என்று சொல்ல முடியும். அது போதும்.

இன்னொன்றையும் செய்யுங்கள். வேலை விளம்பரங்களை, நிராகரிப்புக் கடிதங்களைத் தூக்கி எறியாதீர்கள். தேதி எழுதி ஒரு கோப்பில் வையுங்கள். இன்று அது வெறும் காகிதம். நாளை ஓர் ஆய்வாளர் கையில் அது ஆதாரம்.

அந்த ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சார், நான் ராத்திரி பகலா லாரி ஓட்டுறேனே, எத்தனை மணி நேரத்துக்கு மேல ஓட்டினா கண்ணு சொருகும்னு அவ படிப்புல இருக்குமா?" என்று கேட்டார்.

இருக்கிறது ஐயா, அதுவும் இருக்கிறது என்றேன். முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் களைப்பை ஆராய்ந்தார்கள். அளவுக்கு மீறிய வேலை நேரத்தைக் குறைத்தும் மொத்த உற்பத்தி குறையவில்லை என்று கண்டார்கள்.

"அப்ப நம்ம கம்பெனிக்கு யாராச்சும் அதைச் சொல்லணும்," என்றார்.

யார் சொல்வது? அந்த ஆளை நம் வீட்டிலிருந்து அனுப்புவோம்.