எந்தத் திசையில்?



“பாறை மின்சாரத்தைக் கடத்துமா?” என்று கேட்டால் “கடத்தாது” என்று ஆறாம் வகுப்பு மாணவரும் சொல்வார். இதே கேள்விக்குப் பூமியின் ஆழம் தந்த விடை சற்று வேறானது.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், விண்டிஷெஷன்பாக் ஊரருகே, புவி மேலோட்டை ஆராய்வதற்காக ஒரு துளையிட்டார்கள். 1994இல் அது 9,101 மீட்டர் ஆழத்தை எட்டியது. அடியில் வெப்பநிலை ஏறத்தாழ 265 டிகிரி செல்சியஸ். அங்குள்ளவை நைஸ் போன்ற உருமாறிய பாறைகள். உலர்ந்த நிலையில் அவை மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். ஆனால் அப்பகுதியில் தரைமேல் செய்த அளவீடுகள், ஆழத்தில் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் அதற்குக் குறுக்கே கடினமாகவும் செல்வதைக் காட்டின.

தரையில் நின்றுகொண்டு ஆழத்தை எப்படி அளப்பது? சூரியக் காற்றாலும் மின்னலாலும் புவியின் காந்தப்புலம் ஓயாமல் சிறிதளவு மாறிக்கொண்டே இருக்கிறது. அம்மாற்றம் நிலத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. உயர்நிலை வகுப்புகளில் நாம் நடத்தும் மின்காந்தத் தூண்டல்தான் இது. மெதுவான மாற்றங்கள் அதிக ஆழம் செல்லும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அளந்தால், திசைக்கேற்ப மின்தடை வேறுபடுவது தெரியும்.

காரணம் என்ன? வெளியே எடுத்த பாறைகளில், உடைந்து நழுவிய தளங்களை ஒட்டி கிராஃபைட் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. படலம் தொடரும் போக்கில் மின்சாரம் செல்கிறது. குறுக்கே பாறை தடுக்கிறது.

இதை வகுப்பறையில் காட்டலாம். 6பி பென்சிலால் 3 செ.மீ. நீளத்தில் சில பட்டையான கோடுகளை, ஒன்றையொன்று தொடாமல், அழுத்தி வரையுங்கள். 9 வோல்ட் மின்கலம், எல்.இ.டி., இரு கம்பிகளைத் தொடராக இணையுங்கள். கம்பி முனைகளை ஒரே கோட்டின் இரு ஓரங்களில் வைத்தால் எல்.இ.டி. மங்கலாக ஒளிரும். அடுத்தடுத்த கோடுகளில் வைத்தால் ஒளிராது. கம்பி முனைகள் நேரடியாகத் தொட்டுவிட்டால் எல்.இ.டி. பழுதாகும், கவனம் தேவை.

அதே தாள், அதே கிராஃபைட். மாறியது திசை மட்டுமே.

‘கடத்தும்’, ‘கடத்தாது’ என இரு பத்திகளில் பட்டியலிடும் பயிற்சி தேவைதான். அதோடு மூன்றாவது பத்தி ஒன்றையும் சேர்ப்போம்: எந்த நிலையில், எந்தத் திசையில்? “அது பாறையைப் பொறுத்தது” என்று எழுதும் மாணவரின் விடையைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், “ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று ஒருமுறை கேட்போம். அறிவியல் அந்தக் கேள்வியில்தான் வளர்கிறது.