மூக்குக்குப் பணம் என்றால் மூக்கால் அழுகிறார்கள்!

நடுவர் அவர்களே! ‘நோயாளியை அலைக்கழிப்பது நோயே’ன்னு எதிரணி அம்மா அழகாப் பேசிட்டுப் போனாங்க. இல்லீங்க, காப்பீட்டு விதிமுறைதான் அலைக்கழிக்குது.

எங்க ஊர் களியக்காவிளை. இந்தப் பக்கம் தும்மினா கேரளாவுல கேக்கும். (சிரிப்பு) மீன் சந்தைக்குப் பேர் போன ஊர். அந்த ஊர்ல ஒரு அண்ணாச்சிக்கு மீன் வாசனையே தெரியலைங்க! மூக்கின் நடுத்தடுப்பு வளைஞ்சு, பக்கத்துச் சதையும் தடிச்சு, எப்பவும் அடைப்பு. ராத்திரி வாயால மூச்சு விட்டுத் தொண்டை வறண்டு, எந்திரிச்சு உக்காந்திருப்பார்.

இதுக்கு வைத்தியம் இல்லையா? இருக்கு. தடுப்பை நேராக்கி, சதையைச் சுருக்கும் சின்ன அறுவை. காலையில போய் சாயங்காலம் திரும்புறவங்களும் உண்டு. ஒன்றரை வருஷமாப் பிரீமியம் கட்டினவர் தெம்பாப் போய் நின்னார். ‘ரெண்டு வருஷம் முடியலையே’ன்னுட்டாங்க. கம்பெனி பேர் வேண்டாம்.

அவங்க கையில விதி இருக்குங்க. 2020 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் விக்கணும்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியிலேயே, புற்று மாதிரி இல்லாத காது மூக்கு தொண்டைக் கோளாறுக்கு 24 மாசம் காத்திருக்கணும். விபத்துன்னா இந்தக் காத்திருப்பு கிடையாது! தென்னை மரத்துல இருந்து விழுந்து மூக்கு உடைஞ்சா உடனே கேக்கலாம். தானா வளைஞ்சா ரெண்டு வருஷம். அண்ணாச்சி மரத்தை ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சிட்டாருங்க! (பலத்த சிரிப்பு)

அதோட முடிஞ்சுதா? மயக்கமருந்து கொடுத்துச் செய்யுற சிகிச்சைன்னா 24 மணி நேரத்துக்குள்ள வீட்டுக்கு வந்தாலும் கேக்கலாம். வெளிநோயாளியா வந்து பாத்துட்டுப் போற சிகிச்சைன்னா கிடையாது. அழகுக்கு மூக்கைத் திருத்தினா கிடையாது. அதனால, மூச்சுத் தடைக்காகத்தான் அறுவைன்னு டாக்டர் தெளிவா எழுதித் தரணும். மூக்குக்குப் பணம் கேட்டா மூக்கால அழுறாங்கய்யா!

‘காத்திருப்பு இல்லைன்னா எல்லாரும் நோய் வந்தபிறகுதானே பாலிசி எடுப்பான்?’னு எதிரணி கேக்கும். நியாயமான கேள்விதான். ஆனா பாலிசி விக்க வீட்டுக்கு வந்த ஏஜெண்டு, டீ குடிச்சுக்கிட்டே ஒரு மணி நேரம் பேசினவர், இந்த 24 மாசத்தைச் சொல்ல வேண்டாமா? பொடி எழுத்துல பதினெட்டாம் பக்கத்துலயா தேடுறது?

அண்ணாச்சி மனைவியோட வளையலை அடகு வச்சு அறுவை செஞ்சுகிட்டார். இப்ப நல்லா மூச்சு விடுறார். வளையல் இன்னும் கடையிலதான் இருக்கு. அதை அங்க கொண்டுபோனது நோயா, விதிமுறையா? நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்க பக்கம் சொல்லுங்க.