அம்மாயியின் மஞ்சளும் பற்றீரியாக்களின் பேச்சும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நமுனுகுல மலையில் பனி இறங்கும்போது இந்த மண்டபத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத காலைகள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படியொரு காலையில், நான் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தபோது, என் அம்மாயி கொழுந்து மலையிலிருந்து நொண்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று வெறுங்காலில் குத்தியிருந்தது. அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததால் வலி பெரிதாகத் தெரியவில்லை. "மஞ்சள் அரைச்சுப் போடு புள்ள, ஆறிரும்" என்றார். மூன்று வாரம் இரவிரவாக மஞ்சள் அரைத்துக் கட்டியவள் நான்தான். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துத்தான் அவரது உயிரைக் காப்பாற்றினார்கள்.

மஞ்சளில் ஒன்றுமில்லை, எல்லாம் அறியாமை என்று மருத்துவ மாணவியாக இருந்தபோது கோபப்பட்டேன். பிறகு படித்தவை அந்தக் கோபத்தைக் கொஞ்சம் திருத்தின. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பற்றீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. வாயால் அல்ல, சின்னச் சின்ன இரசாயனப் பொருட்களால். ஆசிரியை வெளியே போன வகுப்பை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒருத்தி கிசுகிசுப்பாள், பிறகு நான்கு பேர். போதிய பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் வகுப்பு முழுக்க ஒரே ஆட்டம். பற்றீரியாவும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரு சமிக்ஞைப் பொருளை வெளியே விடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளும் பெருகும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் நஞ்சைச் சுரக்கும். தம்மைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலத்தையும் கட்டிக்கொள்ளும். காலையில் பல்லில் வழுவழுவென்று இருக்கிறதே, அதுவும் அத்தகைய படலம்தான். அதற்குள் புகுந்த கிருமியை அன்டிபயோடிக் மருந்தால் அழிப்பது மிகவும் கடினம். ஆறாத புண்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இதை முதலில் காட்டிக்கொடுத்தவை கடலில் ஒளிவிடும் பற்றீரியாக்கள். தனியாக இருக்கும்போது ஒளிராமல், கூட்டமாகச் சேர்ந்தால் மட்டும் ஒளிர்வதை 1970இல் அமெரிக்காவில் நீல்சன், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் விளக்கினார்கள். பின்னர் அவுஸ்திரேலியக் கடலில் ஒரு சிவப்புப் பாசி ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. மற்றவற்றில் படியும் கிருமிப் படலம் அதன்மேல் அவ்வளவாகப் படியவில்லை. அது சுரக்கும் பியூரனோன் என்னும் பொருட்கள் பற்றீரியாவின் பேச்சைக் குழப்பிவிடுகின்றன. கிருமியைக் கொல்லாமலே அதன் கூட்டத்தைக் கலைக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது. கொல்லாவிட்டால், மருந்துக்கு எதிர்ப்பு வளர்க்கும் நெருக்கடியும் கிருமிக்குக் குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அந்தப் பியூரனோன்கள் மனித உடலுக்கு நஞ்சாக இருந்ததால் மருந்தாகவில்லை.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் சீரகத்தைப் பற்றியும், 2014இல் மஞ்சளின் குர்குமினைப் பற்றியும் எழுதினார்கள். சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் கிருமிகள் படலம் கட்டுவதைக் குர்குமின் குறைத்தது. அதோடு சேர்த்துக் கொடுத்த அன்டிபயோடிக் கூடுதலாக வேலை செய்தது. உள்ளியிலுள்ள அஜோயின், நம் தேயிலையிலுள்ள கேட்டச்சின் ஆகியவற்றுக்கும் இப்படிப்பட்ட குணம் ஆய்வுகூடத்தில் தெரிந்திருக்கிறது.

அந்தக் கட்டுரையை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாயி சொன்னதில் ஒரு பொருள் இருந்தது. அப்படியானால் அவர் கால் ஏன் போனது?

விடை கசப்பானது. ஆய்வுகூடத் தட்டில் குர்குமின் கிருமியை நேரே தொடுகிறது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, சாப்பிட்டாலும் உடலில் மிகக் கொஞ்சமே சேரும். புண்ணின் மேலே அப்பிய மஞ்சள் ஆழத்தில் இருந்த கிருமியை எட்டியிருக்காது. இரத்த ஓட்டம் குறைந்த காலையும் கூடிய சீனியையும் அது சரிசெய்யாது. உள்ளியை வைத்து நுரையீரல் நோயாளிகளிடம் செய்த ஒரு சிறிய பரிசோதனையிலும் தெளிவான பலன் கிடைக்கவில்லை. தட்டிலிருந்து நோயாளிக்கு வரும் பாதை நீளமானது. என் அம்மாயிக்கு அந்த மூன்று வாரம் இல்லை.

எனவே இரண்டையும் சொல்கிறேன். நம் பாட்டிமாரின் அறிவை ஏளனம் செய்யாதீர்கள். அதிலிருந்து நாளை மருந்து வரலாம். ஆனால் அந்த மருந்து இன்று நம் கையில் இல்லை. சீனி வருத்தம் உள்ளவரின் காலில் சின்னக் காயம் பட்டாலும் அடுத்த நாளே டொக்டரிடம் காட்டுங்கள். கொடுத்த அன்டிபயோடிக்கை, புண் ஆறியது போலத் தெரிந்தாலும், நீங்களாக இடையில் நிறுத்தாதீர்கள். மிஞ்சிய குளிசையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் வலி வராது. தினமும் இரவில் பாதத்தைப் பார்க்கக் கண்தான் வேண்டும். அம்மாவுக்குக் கண் மங்கினால் பிள்ளை பார்க்கட்டும்.

நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரிகளே, இந்த நூற்றாண்டு ஆண்டில் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு நாள் பாதப் பரிசோதனை நடத்துவோம். சீனி வருத்தமுள்ள ஒவ்வொரு அம்மாவுக்கும் மலைக்குப் போட்டுப்போக ஒரு சோடி நல்ல சப்பாத்துக் கொடுப்போம். பரிசோதிக்க நான் வருகிறேன்.

ஒற்றைக் காலோடு அம்மாயி இன்னும் ஏழு வருடம் இருந்தார். நான் வெள்ளைக் கோட்டுப் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். மஞ்சள் அரைத்ததற்காக அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அந்தக் கடனைத்தான் உங்கள் துணையோடு தீர்க்கப் பார்க்கிறேன்.