பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது?

(தோட்டக் குடும்பங்களுக்கான மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் அடுப்பை மூட்டியும் மூட்டாமலும் வந்திருக்கிறீர்கள். மழையும் இருட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "எங்க புள்ளைய வெளிநாட்டுல இருக்கிற பையனுக்குப் பேசுறாங்க. கட்டிக்கிட்டுப் போக விசா எடுக்கணுமாமே, அது லேசான காரியமா?" பக்கத்தில் இருந்த பெரியவர், "விசா கெடக்கட்டும், விசா வர்றதுக்கு முந்தி சண்ட சச்சரவு வந்தா என்னா பண்ணுவீங்க?" என்று இன்னொரு கேள்வியைப் போட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். எங்களுக்கு அது சிரிக்கிற கேள்வியாகப் படவில்லை. அதனால் பெரியவரின் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறோம். அப்படி நடந்த ஒரு நாட்டின் கதையைச் சொன்னால் அம்மா கேட்ட கேள்விக்கும் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

சூடான் என்று ஒரு நாடு. ஆபிரிக்காவில், எகிப்துக்குத் தெற்கே. நைல் நதி ஓடுகிற பூமி. தலைநகரம் கார்ட்டூம். தேத்தண்ணீர் குடிப்பதில் நம்மை விட ஒரு படி மேலே என்றுதான் சொல்ல வேண்டும். தெருவோரத்தில் பெண்கள் அடுப்பு வைத்து, இஞ்சி, கறுவா போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றி விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அந்த நகரத்தில் 2023 ஏப்ரல் 15ஆம் திகதி, சனிக்கிழமை காலையில் வெடிச் சத்தம் கேட்டது. நோன்பு மாதம் முடியப்போகிற நேரம். ஜெனரல் புர்ஹானின் இராணுவத்துக்கும், ஹெமெட்டி என்று அழைக்கப்படுகிற டகாலோவின் ஆர்.எஸ்.எப். என்ற துணைப் படைக்கும் சண்டை. 2021இல் இரண்டு பேரும் ஒன்றாக நின்று ஆட்சியைப் பிடித்தவர்கள்தான். முதல் நாளே விமான நிலையம் சண்டைக்களமாகி மூடப்பட்டது.

அந்த நேரம் கார்ட்டூமில் எத்தனையோ பேர் விசாவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். படிக்கப் போகிறவர்கள், மருத்துவத்துக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கிற புருஷனிடமோ பொஞ்சாதியிடமோ போய்ச் சேர வேண்டியவர்கள். விசாவை ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்துவைப்பது வழக்கம். இவர்களும் கொடுத்துவைத்தார்கள். சண்டை தொடங்கிய சில நாளிலேயே வெளிநாட்டுத் தூதரகங்கள் தங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கதவைப் பூட்டின. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் தூதரகங்களில் இந்த மக்களின் பாஸ்போர்ட்டுகள் உள்ளே மாட்டிக்கொண்டன. அமெரிக்கத் தூதரகம், தவறானவர்கள் கையில் போய்விடக் கூடாது என்று, தன்னிடம் இருந்த பாஸ்போர்ட்டுகளை அழித்தே விட்டது. தூதரகத்தை விட்டு வெளியேறும்போது அப்படிச் செய்வது அவர்களுடைய வழமையான நடைமுறை என்று விளக்கமும் சொன்னார்கள்.

நடைமுறை இருக்கட்டும். எல்லையைத் தாண்டினால் உயிர் பிழைக்கலாம் என்று நிற்கிறவருக்கு அந்தச் சின்னப் புத்தகம்தான் வழி. அதைக் கொடுத்தவர் வீட்டில் குண்டு விழுகிறது. வாங்கியவர் வேறு நாட்டில் இருக்கிறார். உங்கள் அரசாங்கத்திடம் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. சண்டை நடக்கிற ஊரில் எந்தப் பாஸ்போர்ட் கந்தோர் திறந்திருக்கும்? சில மாதங்களுக்குப் புதிய பாஸ்போர்ட் எடுக்கவே வழியில்லாமல் போய்விட்டது.

அடுத்ததைக் கேளுங்கள். பிரித்தானியா தன் நாட்டு ஆட்களைக் கூட்டிப்போக ஏப்ரல் 25இலிருந்து கார்ட்டூமுக்கு வடக்கே வாடி செய்த்னா என்ற இடத்திலிருந்து இராணுவ விமானங்களை விட்டது. யார் ஏறலாம்? பிரித்தானியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஏறலாம். அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தார் என்றால், பிரித்தானியாவுக்குள் போக ஏற்கனவே அனுமதி எடுத்திருக்க வேண்டும். இது அறிவித்த விதி. கலியாணம் கட்டியிருந்தும் விசா இன்னும் கைக்கு வராத மனைவி, கணவன் அந்த விதிக்குள் வரமாட்டார்கள். அவரை விட்டுவிட்டுத் தனியே போவதா, சேர்ந்து சண்டைக்குள் இருப்பதா என்று விமானத்தடியில் முடிவெடுக்க வேண்டிய நிலை.

இதை நியாயம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அதே பிரித்தானியா 2022 மார்ச்சில் உக்ரேன் மக்களுக்காகத் தனியாக ஒரு குடும்பத் திட்டம் திறந்தது. அங்கே உறவுக்காரர் இருந்தால் கட்டணம் இல்லாமலே விண்ணப்பிக்கலாம் என்று 2024 பெப்ரவரி வரை அது நடந்தது. சூடானுக்கு அப்படி ஒன்று திறக்கவில்லை. சண்டைக்குள் அகப்பட்டவர்களும் சாதாரண விண்ணப்பம்தான் போட வேண்டும். அதற்குக் கைரேகை வைக்க வேண்டும். கைரேகை வைக்கிற நிலையம் கார்ட்டூமில் இயங்கவில்லை. எகிப்துக்கோ வேறு நாட்டுக்கோ போக வேண்டும். போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது பார்த்தீர்களா?

எகிப்து எல்லைக்குக் கிட்ட வாடி ஹல்ஃபா என்று ஒரு சிறிய ஊர். ஆயிரக்கணக்கான ஆட்கள் அங்கே வந்து குவிந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் தெருவிலும் படுத்தார்கள். முதலில் எகிப்தின் விதி எப்படி என்றால், பெண்களும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் வயதான ஆண்களும் விசா இல்லாமல் வரலாம். 16இலிருந்து 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு விசா வேண்டும். அதாவது பொஞ்சாதியும் குழந்தையும் போகலாம், புருஷன் வாடி ஹல்ஃபாவில் எகிப்தியக் கொன்சல் கந்தோர் வாசலில் நிற்க வேண்டும். சில குடும்பங்கள் அங்கேயே பிரிந்தன. சில பெண்கள் புருஷனையும் வளர்ந்த மகனையும் விட்டுப் போகமாட்டோம் என்று வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தார்கள். 2023 ஜூன் 10இலிருந்து எகிப்து எல்லாருக்கும் விசா வேண்டும் என்று மாற்றிவிட்டது. புருஷனுக்காகக் காத்திருந்த பொம்பளைக்கு இப்போது தனக்கும் விசா இல்லை.

வாடி ஹல்ஃபாவைப் பற்றிப் பேசுகிறபோது இங்கே இருக்கிற வயதானவர்களுக்குத் தலைமன்னார் ஞாபகம் வந்திருக்கும். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, நாடற்றவர்கள் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். மிச்சம் 150,000 பேரையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கச்சிக்கு வேறு நாடு. கோச்சி ஏற்றிவிடப் போனவர்கள் ஸ்டேசனில் ஒப்பாரி வைத்தார்கள். பிறகு யுத்தத்தால் 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே போக முடியாமல் இங்கே தங்கிப்போன குடும்பங்கள் நம்ம தோட்டங்களில் உண்டு. ஆகவே இது யாரோ ஊரான் கதை என்று தள்ளிவிட முடியாது. கடதாசி ஒரு பக்கமும் ஆள் இன்னொரு பக்கமும் கிடந்தால் என்ன ஆகும் என்று நம்ம பாட்டன் பாட்டிக்குத் தெரியும்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். நம்ம ஆட்கள் ஸ்பொன்சர் பண்ணி எடுக்கிறது என்று சொல்கிறார்களே, அந்த விசா லேசான காரியம் அல்ல. நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரித்தானியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே இருக்கிறவர் வருசத்துக்கு இவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று 2012இல் ஒரு எல்லை போட்டார்கள், 18,600 பவுண். 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக உயர்த்தினார்கள். கடையில் நின்று வேலை செய்கிற பையனுக்கு இது பெரிய தொகை. "லண்டன் மாப்பிள்ளை" என்றவுடனே தலையாட்டுகிறவர்கள் முதலில் அவர் சம்பளச் சிட்டையைக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, விசாக்காரன் எப்படியும் கேட்கத்தான் போகிறான். விண்ணப்பக் கட்டணம் வேறு, வைத்தியச் சேவைக்கு வருசத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டுகிற பணம் வேறு. 2024 பெப்ரவரியில் அது வருசத்துக்கு 1,035 பவுண் ஆனது. இங்கிலீசில் கொஞ்சம் பேசிக் கேட்கிற பரீட்சை உண்டு. இலங்கையிலிருந்து போகிறவருக்குக் காசநோய் இல்லை என்ற சான்றிதழும் வேண்டும், அது ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். கலவரத்தில் விண்ணப்பம் தள்ளிப்போனால் அந்தத் திகதியும் ஓடிவிடும். திரும்பவும் காசு கட்டி எடுக்க வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது கலியாணப் பதிவு. கோயிலில் தாலி கட்டியது தோட்டம் முழுக்கத் தெரியும். விசாக் கந்தோருக்குத் தெரியாது. விவாகப் பதிவாளரிடம் பதிந்து, விவாக அத்தாட்சிப் பத்திரம் கையில் இருந்தால்தான் அவர்கள் கணக்கில் நீங்கள் புருஷன் பொஞ்சாதி. பிறகு பதியலாம் என்று விட்டுவைத்து, பிள்ளை பிறந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஓடுகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். இங்கே நாலு பஸ் ஏறினால் அந்தக் காரியம் முடிந்துவிடும். வாடி ஹல்ஃபா மாதிரி ஓர் இடத்தில் நிற்கிறவருக்கு அது முடியாது.

அதோடு பேர். இதுதான் நம்ம மக்களைப் பிடித்த சனி. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பேரைத் தகப்பன் ஒரு மாதிரிச் சொல்ல, எழுதியவர் வேறு மாதிரி எழுத, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி வந்திருக்கும். பிறப்புப் பத்திரத்தில் "ராமாயி", அடையாள அட்டையில் "ராமையி", கலியாணப் பத்திரத்தில் அப்பன் பேர் முன்னே போய்விட்டது. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கடதாசியை மட்டும் பார்க்கிறவருக்கு மூன்று ஆள். திருத்துவதற்கு வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள் எடுக்கும். அந்த நாள் இப்போது நம்மிடம் இருக்கிறது.

பாஸ்போர்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. தூதரகம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுப்பதற்கு முந்தி, விவரம் உள்ள பக்கத்தையும் பழைய விசா ஒட்டிய பக்கங்களையும் போட்டோ கொப்பி எடுத்துத் தாய் வீட்டில் ஒன்று, நம்பிக்கையான இன்னொருவரிடம் ஒன்று வையுங்கள். போனிலும் படம் பிடித்து அனுப்பிவையுங்கள். கொடுத்ததற்குச் சிட்டு வாங்குங்கள். விண்ணப்பம் பார்க்கிற காலத்தில் பாஸ்போர்ட்டை நாமே வைத்துக்கொள்ள வசதி உண்டா என்று கேளுங்கள். சில நாடுகளில் காசு கட்டினால் அந்த வசதி உண்டு. கலவரச் செய்தி வரத் தொடங்கிவிட்டால் காசு போனாலும் பரவாயில்லை, முதலில் புத்தகத்தைத் திருப்பி எடுக்கப் பாருங்கள் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். விசாவுக்குத் திரும்பவும் போடலாம்.

ஏஜன்சிக்காரர் கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, "அண்ணன் பாத்துக்குவாரு" என்று இருக்காதீர்கள். நாடு குழம்புகிற நேரத்தில்தான் "உள்ளுக்கு ஆள் இருக்கு, சீக்கிரம் எடுத்துத் தாறேன்" என்று சொல்கிறவர்கள் கூடுவார்கள். பொய்க் கடதாசி வைத்து ஒருமுறை பிடிபட்டால் அந்த நாட்டுக்குப் பத்து வருசம் வரைக்கும் தடை விழலாம். உண்மையான கலியாணம் கட்டிய பிள்ளை, எவனோ செய்த பொய்க்காகப் புருஷனைப் பார்க்காமல் இருக்க வேண்டி வரும்.

குழப்பம் அந்தப் பக்கம்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் நம்ம நாட்டிலேயே பெட்ரோல் இல்லை, காஸ் இல்லை, சனாதிபதியே நாட்டை விட்டுப் போனார். பத்தரமுல்லையில் பாஸ்போர்ட் கந்தோர் வாசலில் விடிய விடிய வரிசை. 2024இல் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லாமலே வெற்றுப் புத்தகம் தட்டுப்பாடு என்று திரும்பவும் வரிசை. மலையிலிருந்து போகிறவருக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போய், அங்கே "நாளைக்கு வா" என்றால் எப்படி? அதனால் வெளிநாட்டுப் பேச்சு எடுபட்டவுடனேயே பாஸ்போர்ட்டுக்குப் போட்டுவிடுங்கள், கலியாண நாள் குறிக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மழை பிடித்துவிட்டது. நாங்கள் எட்டு மணி வரைக்கும் இந்த மேசையில்தான் இருப்போம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பத்திரம் கொண்டுவந்தவர்கள் வரிசையாக வாருங்கள், மூன்றிலும் பேர் ஒத்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டிய இடத்தைப் பென்சிலால் தனிக் கடதாசியில் குறித்துத் தருகிறோம். கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார் முதலில் வரட்டும்.