யாருக்கு மலிவு?

அணுமின்சாரம் மலிவு என்கிறார்கள். யாருக்கு?

கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு முதலில் போட்ட மதிப்பீடு 13,171 கோடி ரூபாய். பிறகு அது 17,000 கோடியைத் தாண்டியது. ஆனால் விபத்து நடந்தால்? உலையை நடத்தும் நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்சவரம்பு 1,500 கோடி. கட்டுமானச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அதற்கு மேல் அரசு கொடுப்பதற்கும் ஒரு வரம்பு.

முழுப் பாதுகாப்பு என்றால் இந்த வரம்பு எதற்கு? வரம்பைத் தாண்டும் இழப்பை இடிந்தகரை மீனவர்தான் சுமக்க வேண்டும். ஆபத்தை ஊருக்கு வெளியே தள்ளுவது நமக்குப் பழகிய சாதிக் கணக்குதானே.

எங்கள் கடலுக்கு என்ன விலை போட்டீர்கள் என்று அந்த மக்கள் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள்.