கற்பித்தலின் மறுபாதி

(ஆசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



வகுப்பறை ஒன்றைக் கண்முன் நிறுத்திக் காண்க. 40 மணித்துளிப் பாடவேளை. அதில் 35 மணித்துளி ஆசிரியர் பேசுகின்றார். மாணவர் வாய்பொத்தி அமர்ந்திருக்கின்றனர். இறுதியில், "விளங்கிற்றா?" என்று ஆசிரியர் கேட்கின்றார். "விளங்கிற்று ஐயா!" என வகுப்பு ஒரே குரலில் முழங்குகின்றது. ஆசிரியர் நிறைவோடு வெளியேறுகின்றார். மறுநாள் அதே பாடத்தில் எளிய வினா ஒன்றைக் கேட்டால், நால்வரோ ஐவரோ எழுந்து விடை கூறுவர், மற்றையோர் தலைகவிழ்வர். பிள்ளைகள் மடியர் என்று பழித்துவிடுதல் எளிது. ஆனால், பேசியதெல்லாம் கற்பித்தது ஆகாது. கேட்டதெல்லாம் கற்றது ஆகாது. இவ்வுண்மையைத் தமிழர் எழுநூறு ஆண்டுகட்கு முன்பே கணக்கிட்டு எழுதிவைத்தனர்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல் இலக்கண நூலே. ஆயினும், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன், ஆசிரியன் யார், கற்பிக்கும் முறை யாது, மாணவன் யார், கற்கும் முறை யாது என்பவற்றை அதன் பொதுப்பாயிரம் வரையறுக்கின்றது. அங்கே ஒரு பங்கீடு உண்டு. ஆசான் உரைப்பதை மாணவன் எத்துணை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன்பயில்வாரொடு பழகுகையில் மற்றொரு காற்பங்கு. கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கையில் எஞ்சிய அரைப்பங்கு. ஆசிரியர் வாய்க்குக் கால். மாணவர் வாய்க்கு முக்கால்! இற்றைப் பள்ளிகளிலோ இக்கணக்கு தலைகீழாய்க் கிடக்கின்றது.

முதற் காற்பங்கை நோக்குக. விரைவும் வெகுளியும் இன்றி, முகமலர்ந்து, கொள்வோன் எவ்வாறு கொள்வான் என்பதறிந்து கொடுக்க வேண்டும் என்பது நன்னூலார் நெறி. இவற்றுள் விரைவே இன்று பெருங்கேடு. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட்டு இரோ வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1974இல் ஒன்றை எடுத்துக்காட்டினார். வினாத் தொடுத்த ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்தது ஏறத்தாழ ஒரே நொடி! அதனை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. வாய்திறவாதிருந்த பிள்ளைகளும் பேசினர். செலவு இரண்டு நொடிப் பொறுமை. வரவோ ஒரு பிள்ளையின் குரல்.

இரண்டாம் காற்பங்கிற்கு ஆர்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் பட்டறிவு சான்றாகும். கடுங்கணக்குகளைச் செய்துமுடித்த அவர்தம் மாணவர் பலர், அடிப்படைக் கருத்தை வினவிய எளிய தேர்வில் தடுமாறினர். உடைந்துபோகாத அப்பேராசிரியர் 1991இல் முறையை மாற்றினார். ஒரு வினா தருவார். ஒவ்வொருவரும் தனியே விடையைத் தேர்வர். பின்னர் அருகிருப்போரிடம் தம் விடைக்குக் காரணம் கூறி வழக்காடுவர். மீண்டும் விடையைத் தேர்வர். புதிதாய்க் கற்றவனுக்கே வழுக்கும் இடம் எதுவென்று நன்கு தெரியும். பல்லாண்டு கற்பித்தவர்க்கு அது மறந்துபோயிருக்கும். பக்கத்துப் பிள்ளையிடம் பேசுவதைக் குற்றமென்று தண்டிக்கும் வகுப்பறை, தன் காற்பங்கைத் தானே வெட்டியெறிகின்றது.

அடுத்தது அரைப்பங்கு. உரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலார் இருவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியை ஒரு குழுவினர் நான்கு முறை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்து, மும்முறை பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து மணித்துளி கழித்து வினவியபோது படித்தவர்களே முந்தினர். ஏழு நாள் கழித்து வினவியபோதோ, படித்தவர் நினைவில் நின்றது ஏறத்தாழ 40 விழுக்காடு. எடுத்தெழுதியவர் நினைவில் நின்றது 61 விழுக்காடு. உள்ளே திணிப்பதினும் வெளியே எடுப்பதே நினைவை உறுதிப்படுத்துகின்றது. ஆகவே நேற்றைய பாடத்தின் மூன்று வினாக்களோடு இன்றைய வகுப்பைத் தொடங்குக. மதிப்பெண் வேண்டா, அச்சம் வேண்டா, பாராமல் எழுதுதலே போதும்.

இம்முறைகள் திரைவழிக் கல்விக்கும் பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். அங்கேதான் இவற்றின் தேவை மிகுதி. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பெற்றன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் வகுப்பறைக்கு மீண்டனர். இடைப்பட்ட காலத்தில், கைப்பேசித் திரையில் பிள்ளையின் பெயர் தெரிந்தது. பிள்ளை அங்கிருந்தானா என்பது தெரியவில்லை. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்குக் கொண்டுசென்றால் அப்பெயரும் தெரியவில்லை. வகுப்பறையில் பிள்ளையின் கண்ணே அவன் ஐயத்தைக் காட்டிக்கொடுக்கும். திரையிலோ கண் இல்லை. குரல் ஒன்றே சான்று. அக்குரலையும் அடைத்துவிட்டு ஒருமணி நேரம் பேசுவது, கதவடைத்த வீட்டின்முன் நின்று கூவுவதே.

இணையவழிப் பாடக் காணொலிகளை மக்கள் பார்த்த 69 இலக்கம் அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆறு மணித்துளிக்குமேல் நீளும் காணொலிகளில் பார்ப்போர் ஊக்கம் தளர்வதைக் காட்டிற்று. எனவே இணையவழிக் கற்பிக்கும் ஆசிரியர் பாடத்தைச் சிறுசிறு கூறாக்குக. ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் ஒரு வினா வைக்க. விடையைப் பிள்ளை தாளில் எழுதட்டும். அல்லது ஒரு மணித்துளி தன் குரலில் பதிந்து அனுப்பட்டும். நான்கு நான்கு பேராய்ப் பிரித்து ஒருவர்க்கொருவர் உரைக்கச் செய்க. கைப்பேசி இல்லாத பிள்ளை தன் தங்கைக்கோ பாட்டிக்கோ சொல்லிக் காட்டட்டும்; அதனை மறுநாள் வந்து கூறட்டும். கருவி புதிது, கணக்கு பழையதே.

இனி, இவையனைத்திற்கும் அடிவேரான ஒன்று. அரைக் கல்வி எடுத்துரைப்பதில் உள்ளதெனின், பிள்ளை எந்த மொழியில் எடுத்துரைப்பான்? ஒளிச்சேர்க்கை பற்றிய ஆங்கில வரையறையை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், "இலை தன் உணவை எப்படிச் சமைக்கிறது? பாட்டிக்குச் சொல்" என்று கேட்டுப் பாருங்கள், வாயடைத்து நிற்பான். தாய்மொழியில் கற்றவனுக்கோ 'ஒளிச்சேர்க்கை' என்னும் சொல்லே பாதி விடையைக் கூறிவிடும். பேசத்தெரியாத மொழியில் பயிற்றுவது பிள்ளையின் அரைப்பங்கைப் பிடுங்கிக்கொள்வதாகும்.

ஆனால் ஒன்று, அன்பர்களே! தமிழ்வழி வகுப்பில் மட்டும் அந்தப் பங்கு தானே கிட்டிவிடுமா? விடைக்குறிப்பைத் தமிழில் எழுதிப்போட்டு, அதனை அடிபிசகாமல் ஒப்பிக்கச் செய்யும் தமிழாசிரியரும் அதே கொள்ளையைத்தான் செய்கின்றார். ஓட்டைக்குடத்தைக் கடைமாணாக்கனுக்கு உவமை சொன்ன நன்னூல், கடையாசிரியர்க்கும் ஓர் உவமை சொன்னது. அது கழற்காய் நிறைந்த குடம். வரிசையாய்ப் போட்டாலும் வரிசைகெட்டுக் கொட்டும். குறையை மாணவன்மேல் மட்டும் ஏற்றாத நேர்மை அது. தமிழ்வழிக் கல்வி வேண்டுமென்று மேடையில் முழங்குவோர், தம் வகுப்பில் தமிழ்ப் பிள்ளையைப் பேசவிடுகின்றனரா என்பதே முதற்கேள்வி. சிந்திக்காத வாயில் தமிழும் மனப்பாடமே!

ஆதலின், ஆசிரியப் பெருமக்களே! சட்டம் வரட்டும், ஆணை வரட்டும் என்று காத்திராதீர். இதற்குப் பொருட்செலவில்லை, யாருடைய இசைவும் வேண்டுவதில்லை. நாளைக் காலை வகுப்பிற்குள் நுழைந்ததும் பேச்சைத் தொடங்காதீர்; ஒரு வினாவைத் தொடங்குக. மூன்று நொடி பொறுக்க. பின்வரிசையில் இதுநாள்வரை எழாத ஒரு பிள்ளை எழுவான். தட்டுத்தடுமாறி, தன் சொந்தத் தமிழில், தவறாகவேனும் ஒன்று சொல்வான். அந்தத் தடுமாற்றத்தில்தான் கல்வி தொடங்குகின்றது. அதனை நகையாது கேட்பவரே ஆசிரியர்!